ஊமைக்காயமும் அசிட்ரோம் மாத்திரையும்: கேள்வி பதில்

அசிட்ரோம் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உண்பவர்களுக்குத் தலையில் இலேசாக அடிபட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

கேள்வி: என் தந்தைக்கு 71 வயது. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியதிலிருந்து அசிட்ரோம் உண்கிறார். நேற்று மாலை குளியலறையில் வழுக்கி விழுந்ததில் பின்தலை சுவரில் இடித்தது. மயக்கமோ வாந்தியோ வீக்கமோ இல்லை. இரவு நன்றாகச் சாப்பிட்டார். ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: எடுக்க வேண்டும். மேற்கொண்டு படிக்கும் முன் அவரை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குவதால், அதன் மேற்பரப்பிலிருந்து வெளியுறைக்குச் செல்லும் மெல்லிய சிரைகள் இழுபட்ட நிலையில் இருக்கின்றன. இளைஞரை ஒன்றும் செய்யாத இடிகூட அவற்றில் ஒன்றைக் கிழித்துவிடலாம். மற்றவர்களுக்கு அந்தக் கசிவு பெரும்பாலும் தானே உறைந்து நின்றுவிடும். அசிட்ரோம் உண்பவருக்கு அது எளிதில் நிற்பதில்லை. மணிக்கணக்கில் மெல்லச் சேர்வதால், முதலில் அவர் நன்றாகப் பேசுவார், உண்பார், உறங்கவும் செய்வார். வெளியே தெரியாத அடியை நம் பெரியவர்கள் ஊமைக்காயம் என்று தனியே பெயரிட்டு அஞ்சியது வீணாக அல்ல.

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும், அசிட்ரோம் போன்றே இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உண்டுவந்த 3,566 தலைக்காய நோயாளிகளைத் தொடர்ந்த ஆய்வில், ஏறத்தாழ 6 விழுக்காட்டினருக்குப் பாதகமான விளைவு நேர்ந்தது; முழு நினைவோடும் எந்த அறிகுறியும் இல்லாமலும் வந்தவர்களிடையே அது 2.7 விழுக்காடு. இது சிறிய எண்தான், ஆனால் வீட்டிலேயே விட்டுவைக்கத் தக்க எண் அன்று. மருத்துவமனையில் நுழைந்ததும் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். ‘இதய மாத்திரை’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

கேள்வி: தலையில் அடிபட்டவர்களில் யாருக்கு ஸ்கேன் தேவை என்று சொல்லும் கனடா விதிமுறைப்படி, மயக்கம் இல்லாததால் ஸ்கேன் தேவையில்லை என்று ஒருவர் சொன்னாரே?

பதில்: 2001இல் வெளியான அந்த விதிமுறையை உருவாக்கிய ஆய்வில், உறைவெதிர்ப்பு மருந்து உண்டவர்கள் சேர்க்கப்படவே இல்லை. ஆகவே அது உங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: நான் உண்பது டாபிகாட்ரான். ஐ.என்.ஆர். பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. ஐ.என்.ஆர். என்பது வார்ஃபரின், அசிட்ரோம் ஆகியவற்றின் வீரியத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு; அது ஏற ஏற இரத்தம் உறையத் தாமதமாகும். டாபிகாட்ரான், அபிக்சபான் போன்ற புதிய மருந்துகளில் மூளைக்குள் இரத்தக்கசிவு வார்ஃபரினைவிடக் குறைவு என்பது உண்மைதான், ஆனாலும் அடிபட்டால் ஸ்கேன் வேண்டும். டாபிகாட்ரானுக்கு 2015 முதல் இடாருசிசுமாப் என்ற முறிமருந்து உண்டு. கடைசி மாத்திரையை எத்தனை மணிக்கு உண்டீர்கள் என்பதையும் மருந்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: கீரை சாப்பிடலாமா?

பதில்: இதை உங்கள் இதய மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பயமாக இருக்கிறது; மாத்திரையை நிறுத்திவிடலாமா? (ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள்.)

பதில்: நீங்களாக நிறுத்தக் கூடாது. செயற்கை வால்வில் இரத்தம் உறைந்தால் பக்கவாதமோ மரணமோ நேரலாம். ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் முடிவெடுக்கட்டும்.

கேள்வி: நான் பயிற்சி மருத்துவர். முதல் ஸ்கேன் நன்றாக இருந்தாலும் 24 மணி நேரம் வைத்திருந்து மறுபடி எடுக்க வேண்டும் என்கிறேன். 2012இல் வந்த இத்தாலிய ஆய்வில், அப்படி வைத்திருந்த 87 பேரில் 5 பேருக்கு இரண்டாம் ஸ்கேனில் கசிவு தெரிந்தது.

மறுப்பு, ஒரு குடும்ப மருத்துவரிடமிருந்து: அதே ஆண்டு வந்த அமெரிக்க ஆய்வில், முதல் ஸ்கேன் நன்றாக இருந்த வார்ஃபரின் நோயாளிகள் 687 பேரில் நால்வருக்கே பிற்பாடு கசிவு ஏற்பட்டது. எல்லோரையும் படுக்கையில் வைத்தால் உண்மையில் தேவைப்படுபவருக்கு எங்கே இடம்?

பதில்: இருவரும் மெய்யான எண்களையே சொல்கிறீர்கள், ஆனால் அவை ஒரே பொருளை அளக்கவில்லை. இத்தாலியில் எல்லோருக்கும் கட்டாயமாக இரண்டாம் ஸ்கேன் எடுத்தார்கள், ஆகவே ஒரு தொந்தரவும் தராத சிறு கசிவுகளும் கணக்கில் வந்தன. ஐவரில் ஒருவருக்கே அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அமெரிக்காவில் அப்படி எடுக்கவில்லை. பயிற்சி மருத்துவர் கவனிக்க வேண்டிய வேறொன்றும் அதே இத்தாலிய ஆய்வில் இருக்கிறது. இரண்டு ஸ்கேனும் நன்றாக இருந்து வீட்டுக்குப் போன இருவர், ஒருவர் 2 நாளிலும் மற்றவர் 8 நாளிலும், கசிவோடு திரும்பி வந்தார்கள், இருவருக்கும் ஐ.என்.ஆர். 3க்கு மேல் இருந்தது. எனவே 24 மணி நேரம் என்பது பாதுகாப்பின் எல்லைக்கோடு அன்று. ஐ.என்.ஆர். 3க்கு மேல் இருப்பவர், இரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் க்ளோபிடோகிரெலும் சேர்த்து உண்பவர், வீட்டில் தனியாக இருப்பவர், மருத்துவமனைக்குத் தொலைவிலுள்ள ஊர்க்காரர் ஆகியோரை நான் வைத்துக்கொள்கிறேன். மற்றவர்களை, இரவில் எழுப்பிப் பார்க்கப் பொறுப்பான ஒருவர் உடனிருந்தால், எழுத்தில் அறிவுரை கொடுத்து அனுப்புகிறேன். குடும்ப மருத்துவரிடம் ஒரு வேண்டுகோள்: படுக்கைக் கணக்கு இரண்டாம் ஸ்கேனுக்கு மட்டுமே பொருந்தும், முதல் ஸ்கேனுக்கு ஒருபோதும் பொருந்தாது.

கேள்வி: அம்மா வார்ஃபரின் உண்கிறார். நிலைப்படியில் இடித்துக்கொண்டார், வீக்கம் இல்லை. ஸ்கேன் அவசியமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அவசியம்.

கேள்வி: தலைவலிக்கு வீட்டில் இருக்கும் ஐபுப்ரோஃபென் தரலாமா?

பதில்: தரக் கூடாது, டைக்ளோஃபெனாக்கும் கூடாது. பாராசிட்டமால் தரலாம். ஆனால் அடிபட்ட பின் வந்த தலைவலி என்றால் மாத்திரை தருவதோடு நிற்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு அடிபட்டு மூன்று வாரம் ஆகிறது, அன்று எடுத்த ஸ்கேன் நன்றாகவே இருந்தது. இப்போது காலையில் தலை வலிக்கிறது, பெயர்கள் மறக்கின்றன, இடது காலை இழுத்து நடக்கிறார். வயதின் தளர்ச்சியா?

பதில்: மூன்று வாரத்தில் வயது இப்படி ஏறாது. மூளையின் மேலுறைக்கடியில் பழைய இரத்தம் மெல்லச் சேர்ந்து அழுத்துகிறது என்று ஐயப்படுகிறேன்; வாரங்கள் கழிந்தே வெளிப்படுவது அதன் இயல்பு. பெரும்பாலும் மண்டையோட்டில் சிறு துளையிட்டு வடித்துவிடலாம், பலர் நன்றாகத் தேறுகிறார்கள். இன்றே அழைத்துச் செல்லுங்கள். அன்றைய ஸ்கேன் படத்தையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.