முரலா, கோலானா?

கேள்வி: குன்னூர் மார்க்கெட்டில் ஒல்லியான, ஊசி போல் நீண்ட வாயுள்ள கடல்மீன் வாங்கினேன். கடைக்காரர் முரல் என்றார். பக்கத்து வீட்டு மலையாள அம்மா கோலான் என்கிறார். இணையத்தில் தேடிய என் மகன், இது 'கார்' மீன், இதன் சினை நஞ்சு என்று பயமுறுத்துகிறான். போதாக்குறைக்கு, குழம்பில் முள் பச்சை நிறமாக இருந்தது. சாப்பிடலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: தாராளமாகச் சாப்பிடலாம். தமிழும் மலையாளமும் ஒன்றாகப் புழங்கும் நீலகிரிச் சந்தையில் ஒரே மீனுக்கு இரு பெயர்கள் கேட்பது இயல்பு. கடைக்காரரும் அந்த அம்மாவும் சொன்னவை இரண்டும் சரியே. ஆனால் முரல் என்ற பெயரை நம் கடற்கரையில் இரண்டு குடும்பங்களுக்கு வழங்குகிறார்கள். ஒன்றில் மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டுமே நீண்டு, கூரிய பற்கள் வரிசையாக இருக்கும்; மற்றதில் கீழ்த்தாடை மட்டுமே நீளும். முதல் வகையின் குஞ்சுகளுக்குக் கீழ்த்தாடைதான் முந்தி வளர்கிறது என்பதால், சிறிய மீன்களில் அனுபவசாலிகளே தடுமாறுவதுண்டு. கோலா என்பது வேறு. அது பறக்கும் மீன், இவற்றுக்கு உறவு முறைதான். சமவெளி ஆறுகளிலும் ஏரிகளிலும் உள்ள கொக்கு மீன், இரு தாடையும் நீண்ட முதல் குடும்பத்தின் நன்னீர் உறுப்பினர்.

ஆங்கிலப் பெயர் இதைவிடக் குழப்பமானது. ஐரோப்பாவில் கார்பிஷ் என்றால் இரு தாடையும் நீண்ட மீன். ஆஸ்திரேலியாவில் கீழ்த்தாடை மட்டும் நீண்டது. அமெரிக்காவின் 'கார்' இவற்றோடு தொடர்பே இல்லாத, கவசம் போன்ற செதில்களுடைய நன்னீர் மீன். நஞ்சுள்ள சினை அதற்குத்தான்; தங்கள் மகன் படித்தது உண்மை, மீன்தான் மாறிவிட்டது.

பச்சை முள்ளுக்குக் காரணம் பிலிவர்டின் என்னும் பித்த நிறமி. அடிபட்ட இடத்தில் கன்றிய தோல் சில நாளில் பச்சையாவதும் இதே நிறமியால்தான். வேகவைத்தாலும் அந்த நிறம் போகாது; அது கெட்டுப்போனதற்கோ கலப்படத்துக்கோ அடையாளமல்ல. வாங்கும்போது செவுளையும் கண்ணையும் பார்ப்பதே போதுமானது.

அடுத்த முறை வாயைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடலாம். மூக்கு ஒடிந்த மீன் கிடைத்தால் செதிலைப் பாருங்கள்: இரு தாடையும் நீண்டதற்குச் செதில்கள் மிகச் சிறியவை, மற்றதற்குச் சற்றுப் பெரியவை.