முட்டாள்களைப் பற்றிய டார்க் காமெடி படத்துக்குத் தியேட்டரே சிரிக்கும்போது சிலர் மட்டும் ஏன் கோபப்படுகிறார்கள்?

‘சூது கவ்வும்’ படத்தை உதாரணமாகச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினீர்கள், அவர் பாதியில் “இதுல சிரிக்க என்னடா இருக்கு” என்று எழுந்து போய்விட்டார், அந்தத் தலைமுறைக்கு இந்த வகை நகைச்சுவை பிடிபடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், வேலைக்காகப் பெரிய ஊரில் இருக்கிறீர்கள், அம்மா ஊரிலிருந்து வந்து நாலு நாள் தங்கியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். “பிடிபடாதா” என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்கள் கேள்விக்கு ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் ஒருவர் “சி சென்டர் ஆடியன்ஸ்”, அதாவது சின்ன ஊர்த் தியேட்டர் கூட்டம், என்று எழுதியிருக்கிறார். நான் அந்த சி சென்டர்தான். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். புதுத் தமிழ்ப் படம் என்றால் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறுகிறவர்கள் நாங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வந்து சண்டை போடுவீர்கள். எனக்கு அந்தப் படம் உயிர். நலன் குமாரசாமியின் முதல் படம் என்று நம்பவே முடியாது. அஞ்சாறு தடவை பார்த்திருப்பேன். படத்தையோ, சிரித்தவர்களையோ நான் குறை சொல்லவில்லை. சிரிக்காதவரைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன், ஏனென்றால் சிரிக்காத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தை முழுசாகப் பார்த்திருக்கிறேன்.

அவர் என் தாய்மாமா. கொப்பரைக் களம் வைத்திருந்தார். பெரிய களம் கிடையாது. தேங்காய் வாங்கி, உடைத்துக் காயவைத்து, காங்கேயம் பக்கம் எண்ணெய் மில்லுக்கு அனுப்புவார். கணக்கில் கெட்டிக்காரர். ஒரு மூட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்வார், அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

2011இல் அவரை ரைஸ் புல்லிங் கும்பல் பிடித்தது. கேள்விப்பட்டிருப்பீர்கள். இடி விழுந்த பழைய கோபுரக் கலசத்தில் இரிடியம் ஏறியிருக்கும், அதற்கு அரிசியை இழுக்கும் சக்தி வந்துவிடும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை போகும் என்பார்கள். ஒரு செம்பைக் காட்டுவார்கள், பக்கத்தில் அரிசியைத் தூவுவார்கள், அரிசி நகர்ந்து போய் ஒட்டும். அரிசியில் இரும்புத் தூளை ஏற்றி, செம்புக்குள் காந்தத்தை வைத்திருப்பார்கள். வித்தை அவ்வளவுதான். ஆனால் பணம் பறிப்பது செம்பை விற்று அல்ல. “விஞ்ஞானி வந்து டெஸ்ட் பண்ணணும், கதிர்வீச்சு இருக்கு, அதுக்குத் தனி உடுப்பு வேணும், அந்தச் செலவைப் பங்காளிங்க போட்டாப் போதும், வித்ததும் பத்து மடங்கு” என்று சொல்லித்தான் வாங்குவார்கள். மாமா அத்தையின் பதினோரு பவுனை அடகு வைத்தார், களத்துக்கு முதலாக வைத்திருந்த ரொக்கத்தையும் சேர்த்தார். எல்லாமாக நாலரை லட்சம்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒரு விஷயம் உண்டு. நான் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரிடியம் என்கிற உலோகம் நிஜமாகவே இருக்கிறது, அணு எண் 77. வெப்பத்தையும் தேய்மானத்தையும் தாங்கும் என்பதால் ஸ்பார்க் பிளக் முனையில் வைக்கிறார்கள். என் கடை அலமாரியில், சில நூறு ரூபாய்க்கு, அட்டைப் பெட்டியில் ‘இரிடியம்’ என்று அச்சடித்து வரிசையாக இருந்தது. மாமா வாரத்துக்கு இரண்டு நாள் கடைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். “வெளிய சொன்னா டீல் போயிடும், சொந்தக்காரங்க கிட்டக்கூட மூச்சு விடாதீங்க” என்று அவர் வாயைக் கட்டியிருந்தார்கள். கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு லாட்ஜ் ஒன்றில் ‘டெஸ்ட்’ நடந்திருக்கிறது. பணம் கைமாறியது இந்தப் பக்கம், கேரளத்தில் ஒரு பஸ் ஸ்டாப்பில்.

அதனால் புகார் கொடுக்கப் போனபோது இந்தப் பக்க ஸ்டேஷனில் “மோசடி நடந்தது அங்கே, அங்கே போங்க” என்றார்கள். அந்தப் பக்கம் போனால் “பணம் கொடுத்தது கேரளாவுல, வீடும் கேரளாவுல” என்றார்கள். நான்தான் கூடப் போனேன். ஒரே நாளில் செக்போஸ்ட்டை நாலு முறை தாண்டினோம். கடைசியாகப் பார்த்த அதிகாரி மாமாவைப் பார்த்து, “இந்த வயசுல இதைப் போய் நம்பிருக்கியேய்யா” என்று சொல்லிச் சிரித்தார். மாமாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு. அவரை யாரும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ஊரில் அவர் பெயர் ‘இரிடியம்’ ஆகிவிட்டது.

‘சூது கவ்வும்’ 2013 மே 1 அன்று வந்தது. இரண்டாவது வாரம் மாமாவை நான்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தார், காமெடிப் படம், மனசு லேசாகும் என்று நினைத்தேன். அப்போது பொள்ளாச்சி ரயில் பாதையை அகலப்படுத்த மூடியிருந்தார்கள், பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். தியேட்டர் நிறைந்திருந்தது. உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், இரண்டு வரிசை பின்னால் எங்கள் ஊர்ப் பையன்கள்.

படத்தில் பாபி சிம்ஹா நடித்த பகலவன் ஞாபகம் இருக்கும். நயன்தாராவுக்குக் கோயில் கட்டி ஊரை விட்டுத் துரத்தப்பட்டவன். தியேட்டர் அதிர்ந்தது. நானும் சிரித்தேன், மறைக்க மாட்டேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், “டேய், நம்ம இரிடியம்டா!” என்றது. இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பை விடப் பெரிதாக வந்தது. தியேட்டரில் பாதிப் பேருக்கு இரிடியம் யார் என்றே தெரியாது, ஆனாலும் சிரித்தார்கள். சிரிக்கிற மூடில் இருக்கும் கூட்டத்துக்கு எதைப் போட்டாலும் சிரிக்கும்.

நான் எழுந்துவிட்டேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்து, “உக்காரு மாப்ள. படம் பாரு” என்றார். பிடியைப் படம் முடியும் வரை விடவில்லை.

அன்றைக்கு நான் படத்தை விட மாமாவைத்தான் பார்த்தேன். ஆள் கடத்தும் தாஸாக வரும் விஜய் சேதுபதியின் கடத்தல் விதிகளுக்குக் கல்லூரிப் பையன்கள் விசிலடித்தார்கள், மாமா அசையவில்லை. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத ஷாலு என்ற பெண்ணோடு தாஸ் பேசும்போது பக்கத்து வரிசையில் ஒரு அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாமா என்னிடம் மெதுவாக, “இவனுக்கு வீட்ல யாரும் இல்லியா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அடுத்த முறை படம் பார்க்கும்போது அதை மட்டுமே கவனித்தேன். நிஜமாகவே யாரும் இல்லை. தாஸோடு சேரும் அந்த மூன்று நண்பர்களும் ஒரு ரூமில் கிடக்கிறார்கள். அவர்களை நம்பி வீட்டில் ஒரு மனைவி கிடையாது, அடகுக் கடை ரசீதை மடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒருத்தி கிடையாது, பள்ளிக்கூட ஃபீஸ் கிடையாது. தாஸுக்குத் துணையாக இருப்பவளே கற்பனை. முட்டாள்தனத்தின் பில் யார் வீட்டுக்குப் போகிறது என்பதை இயக்குநர் கவனமாக எடுத்துவிட்டார். எடுத்ததால்தான் நம்மால் சிரிக்க முடிகிறது. அது அவருடைய திறமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

படத்தில் குடும்பமாக இருக்கும் ஒரே வீடு அமைச்சர் ஞானோதயத்தின் வீடு. எம்.எஸ். பாஸ்கர் நேர்மையான மனுஷனாக வருவாரே, அந்த வீடு. அந்த வீட்டில்தான் மகன் அருமைப் பிரகாசம் தன்னையே கடத்த வைத்து அப்பனிடம் பணம் கேட்கிறான். உங்கள் வயதில் படம் பார்ப்பவர்கள் அந்த ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். பிள்ளை பெற்றவர்கள் நேராக அந்த அமைச்சர் வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். உங்கள் அம்மா எந்த சீனில் எழுந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அருமைப் பிரகாசம் வரும் சீனாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அவருக்கு நகைச்சுவை பிடிபடாமல் இல்லை, அவர் வேறு வீட்டில் உட்கார்ந்திருந்தார். போன் போட்டு எந்த இடம் என்று கேளுங்கள். கிண்டலாகக் கேட்காதீர்கள்.

மாமா அன்றைக்கு ஒரே ஒரு இடத்தில் சிரித்தார். கடைசியில் அந்த போலீஸ்காரர் பிரம்மாவின் துப்பாக்கி அவர் இடுப்புக்குப் பின்னால் செருகியிருக்கும்போது தானாக வெடிக்குமே, அங்கே. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, இருமலோ என்று திரும்பினால் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆக அவருக்கும் டார்க் காமெடி புரிந்தது. நாலு முறை செக்போஸ்ட்டைத் தாண்டியவருக்குப் புரிய வேண்டிய இடத்தில் புரிந்தது.

இதைச் சொன்னதும் “ஏமாந்தவனுக்குப் பேராசை இருந்துச்சுல்ல” என்று ஒருவர் வருவார். வரட்டும். பேராசை இருந்தது. அதை மாமாவே மறுத்ததில்லை. ஆனால் அவரைப் பார்த்துச் சிரித்த ஊரைப் பற்றியும் நான் சொல்ல வேண்டும். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். கேரள அரசு 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்தார்கள். அன்றிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் என்று எல்லையில் இருக்கும் ஒவ்வொரு ஊரிலும் காலையில் தமிழ்நாட்டு பைக்குகள் வந்து நிற்பதை நான் கடை திறக்கும்போது பார்க்கிறேன். கட்டிட வேலைக்குப் போகும் ஆள் கூலியில் பாதியைக் கொடுத்து சீட்டு வாங்கி, மத்தியானம் மூன்று மணிக்கு ரிசல்ட் பார்த்து, கிழித்து என் கடை வாசலில் போட்டுவிட்டுப் போகிறார். தினமும் நான்தான் பெருக்குகிறேன். 2022 ஓணம் பம்பர் ஒரு சீட்டு 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. அந்தச் சீட்டை ஐந்தாறு பேர் சேர்ந்து பங்கு போட்டு வாங்கினார்கள். அவர்களில் ஒருவரையாவது ஊர் முட்டாள் என்று கூப்பிடுகிறதா? பட்டப்பெயர் வைக்கிறதா? கிடையாது. அரசாங்க முத்திரை இருந்தால் அதிர்ஷ்டம், லாட்ஜ் ரூமில் நடந்தால் முட்டாள்தனம். ஏமாற்றும் கும்பலையும் அரசாங்கத்தையும் ஒரே தட்டில் வைக்கவில்லை; லாட்டரியில் நிஜமாகவே யாருக்கோ பரிசு விழுகிறது, அது எனக்குத் தெரியும். நான் கேட்பது சிரிப்பைப் பற்றி மட்டும்தான். தியேட்டரில் “நம்ம இரிடியம்டா” என்று கத்திய பையனின் அப்பா, தினமும் சீட்டுக் கிழிப்பவர்.

அவனிடம் நான் பிறகு சண்டை போடவில்லை. மாமா வேண்டாம் என்றார்.

இரண்டு மூன்று வருடம் கழித்து டிவியில் அந்தப் படம் ஓடியது. மாமா வீட்டில்தான் இருந்தேன். களம் போய்விட்டது, அப்போது அவர் இன்னொருவர் களத்தில் சம்பளத்துக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தார். மாமா பெண் பகலவன் சீனுக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பக்கென்றது. அவர் அவளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். கடைசியில் நேர்மையான அப்பன் வெளியே போய், அருமைப் பிரகாசம் பதவிக்கு வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

“கோயில் கட்டுனவன் நம்மாளு, மாப்ள. இவன் இல்ல. செம்பு கொண்டாந்தவனும் இப்படித்தான் இருந்தான். குண்டு மூஞ்சி, நெத்தியில சந்தனம். சாப்டீங்களா மாமான்னு கேப்பான்.”

அத்தை எதுவும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து மாமா, “உங்கடையில அந்த பிளக்கு இருக்குதுன்னு சொன்னியே, நாளைக்கு ஒண்ணு எடுத்துட்டு வா” என்றார்.

மறுநாள் ஒரு பெட்டியைக் கொண்டுபோய்ப் பிரித்துக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்துக்கு வந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்க இருக்குது?”

“அந்த முனையில, மாமா. நடுவுல ஊசி மாதிரி நீட்டிட்டு இருக்குதில்லீங்களா, அது.”

“இத்துனூண்டா?”

“ஆமாங்க மாமா.”

உள்ளங்கையில் வைத்து, கொப்பரை மூட்டையைத் தூக்கிப் பார்ப்பது மாதிரி ஒரு தடவை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் பத்திரமாக வைத்து மூடி, “விக்கிற பொருள், அழுக்காயிடும், கொண்டு போ” என்று என்னிடம் கொடுத்தார்.