யாழ்ப்பாணத்தில் 70 வயது தாண்டியவர்களுக்குச் சோலைவரி விலக்கு உண்டா?

ரொறன்ரோவில் குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு வீட்டு வரி ஏற்றத்தைத் தள்ளுபடி செய்கிறார்களே, ஊரில் தனியே இருக்கும் அம்மாவுக்கும் அப்படி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சோலைவரி என்பது ஊரின் மாநகரசபைக்கோ பிரதேச சபைக்கோ கட்டும் வீட்டு வரி. வயதுக்காக மட்டும் இங்கே விலக்கு இல்லை. வரி வீட்டின் ஆண்டுப் பெறுமதியில், அதாவது வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு வரும் என்ற மதிப்பீட்டில் கணக்கிடப்படுகிறது. உரிமையாளர் யார், எத்தனை வயது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

கைக்கு எட்டுகிற சலுகை முற்பணக் கழிவுதான். முழு வருட வரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிப்பார்கள். காலாண்டுக்குரியதை அந்தக் காலாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம். அம்மாவை வரிசையில் நிற்க வைக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை கட்டினாலும் பற்றுச்சீட்டு தருவார்கள். பழைய பாக்கி இருந்தால் அதை முதலில் தீருங்கள், விட்டால் மேலதிகச் செலவும் சேரும்.

பெரிய தொகையைக் குறைக்க வழி மதிப்பீட்டில் இருக்கிறது. புதிய மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால், அதில் போட்டிருக்கும் திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபியுங்கள். இடிந்த அறை, பாவிக்காத பின்கட்டு எல்லாவற்றையும் படத்தோடு காட்டுங்கள். பலர் அந்தக் கடிதத்தை அலுமாரிக்குள் போட்டுவிட்டுப் பிறகுதான் புலம்புவார்கள்.

அப்புறம், எங்கே கட்டுவது என்று தெரிய, வீடு எந்தச் சபைக்குள் என்று பாருங்கள். நல்லூர்க் கோயிலடி யாழ்ப்பாண மாநகரசபை. திருநெல்வேலி நல்லூர்ப் பிரதேச சபை.