நிறுத்துவதற்கு ஒரு தேதி – கடிதம்

அன்புள்ள ஐயா,

உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது ஆறாவது வருடம். ஐந்து இயல்களில் இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவது இயலுக்கான சோதனை இரண்டு வருடமாகப் படுத்துகிறது. ஒருமுறை வரும் முடிவு அடுத்தமுறை வருவதில்லை. உதவித்தொகை போன வருடமே நின்றுவிட்டது. பகுதிநேரமாகப் பாடம் நடத்திச் சமாளிக்கிறேன். கைடு “இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொள்” என்கிறார். வீட்டில் “அரைக்கிணறு தாண்டிவிட்டு இப்போது விடுவதா” என்கிறார்கள். எனக்கோ விட்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. அது தெளிவா கோழைத்தனமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

அரைக்கிணறு என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடலாம். கிணற்றைத் தாண்டுகிறவன் பாதியில் நின்றால் விழுவான். ஆய்வில் பாதியில் நிற்பவர் அங்கிருந்து வேறு பக்கம் நடக்கலாம்.

ஆறு வருடம் என்பதையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். தொடர்ந்தாலும் நிறுத்தினாலும் அது திரும்ப வராது. கணக்கில் வரவேண்டியது இனி ஆகப்போவது மட்டும்தான்: இன்னும் எத்தனை மாதம், அதுவரை செலவுக்கு வழி என்ன, இந்தப் பட்டம் இல்லாமல் கிடைக்காத எந்த வேலை உங்களுக்கு வேண்டும். மூன்றாவது கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுத முடியவில்லை என்றால், அதுவே ஒரு செய்தி.

இதெல்லாம் தெரிந்தும் மனம் கேட்காது. 1976இல் பாரி ஸ்டா என்ற ஆய்வாளர் நிர்வாகவியல் மாணவர்களைக் கொண்டு இதைச் சோதித்தார். ஒரு நிறுவனத்தின் இரண்டு பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்து ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க வேண்டும். பிறகு அந்தப் பிரிவு சரிந்துவிட்டது என்று காட்டி, அடுத்த தவணையைப் பிரிக்கச் சொன்னார். முதல் முடிவை வேறொருவர் எடுத்ததாகச் சொல்லப்பட்டவர்களைவிட, தாங்களே எடுத்தவர்கள் சரிந்த பிரிவுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். முடிவெடுத்தவருக்கு அதைக் கைவிடும் நேரம் கண்ணில் படுவது கடினம். இது உங்களுக்கும் பொருந்தும், தலைப்புக்கு ஒப்புதல் தந்த உங்கள் நெறியாளருக்கும் பொருந்தும். அவர் கெடுதல் நினைக்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் சொல் ஒன்றையே நம்பி ஒரு வருடத்தைக் கொடுக்காதீர்கள் என்கிறேன். துறை தெரிந்த, உங்கள் குழுவில் இல்லாத ஒருவரிடம், நெறியாளருக்குத் தெரிவித்துவிட்டு, மூலத் தரவுகளைக் காட்டுங்கள். “நீங்களாக இருந்தால் இதை இன்று புதிதாகத் தொடங்குவீர்களா?” என்று மட்டும் கேளுங்கள். 1985இல் கணினியின் நினைவகச் சில்லுகளில் இன்டெல் நிறுவனம் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தபோது, நம்மை வெளியேற்றிவிட்டுப் புதிய தலைவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று அதை நடத்திவந்த இருவரில் ஒருவரான ஆன்டி குரோவ் மற்றவரான கார்டன் மூரிடம் கேட்டார். அந்தத் தொழிலை விட்டுவிடுவார் என்றார் மூர். அதை நாமே செய்தால் என்ன என்று குரோவ் கேட்டதிலிருந்துதான் அவர்கள் அதிலிருந்து வெளிவந்தது தொடங்கியது.

இனி உங்கள் சோதனை. மிச்சமுள்ள இயல்கள் இதன்மேல்தான் நிற்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் முன்னுரையைத் திருத்துவது, மேற்கோள்களைச் சீராக்குவது, படங்களை அழகுபடுத்துவது எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்துங்கள். கடினமான இடத்தில் சிக்கியவர்கள் எல்லோரும் இப்படி எளிய வேலைக்குள் ஒதுங்குகிறார்கள். வேலை பார்த்த திருப்தி கிடைக்கும், கேள்வி அப்படியே இருக்கும்.

பன்னிரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வாரம் முக்கியச் சோதனையைத் தொடவே வேண்டாம். நிச்சயமாக விடை வரவேண்டிய கட்டுப்பாட்டு மாதிரியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். வேதிப்பொருள்களின் தொகுதி எண், புரத மாதிரி எத்தனைமுறை உறைந்து உருகியது, அன்று எந்தக் கருவி என்று ஒவ்வொருமுறையும் குறியுங்கள். உங்கள் செய்முறைக் குறிப்பை மட்டும் கையில் கொடுத்து இன்னொருவரையும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். கட்டுப்பாட்டு மாதிரியே ஆடினால் கோளாறு முறையில் இருக்கிறது. அது நல்ல செய்தி, சரிசெய்யலாம். அது ஆடாமல் நிற்க, உங்கள் விளைவு மட்டும் வந்து வந்து போகிறது என்றால், அந்த விளைவு மிகச் சிறியதாகவோ இல்லாததாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்த எட்டு வாரத்தில் முக்கியச் சோதனையை மூன்றுமுறை செய்யுங்கள். மூன்றும் தனித்தனி நாளில், தனித்தனித் தயாரிப்பில். ஒரே குழாயிலிருந்து எடுத்த மூன்று துளிகள் மூன்று சோதனை ஆகாது. இரண்டு வருடக் குழப்பத்தின் பாதி பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். மாதிரிப் பெயர்களை வேறொருவர் மறைத்துக் கொடுக்க, எது எதுவென்று தெரியாமல் அளவெடுங்கள். கடைசி வாரம் முடிவெடுக்க.

தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: இந்தத் தேதிக்குள், மூன்று தயாரிப்புகளிலும் இன்ன அளவு வித்தியாசம் ஒரே திசையில் வராவிட்டால் இதை நிறுத்துகிறேன். இது கெட்டுப்போகும் இடமும் எனக்குத் தெரியும். பதினோராம் வாரத்தில் “கிட்டத்தட்ட வந்துவிட்டது, இரண்டு வந்தாலே போதுமே” என்று தோன்றும். அளவுகோல் அசைந்துவிட்டால் தேதிக்கு மதிப்பில்லை. கருவி பழுதானால், பழுதான நாட்களை மட்டும், ஒரே ஒருமுறை சேர்த்துக்கொள்ளலாம். வேறு எதற்கும் நீட்டிப்பு கிடையாது. மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் தனியே வையுங்கள். அதில் கைவைக்க நேரும் நாள்தான் உண்மையான கடைசி நாள், தாளில் என்ன எழுதியிருந்தாலும்.

நிறுத்துவது என்றால் எல்லாவற்றையும் விடுவது என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தச் சோதனையை மட்டும் விடலாம். ஆய்வேட்டின் வடிவத்தை மாற்றி, முடிந்த இரண்டு இயல்களோடு, விளைவு இல்லை என்று கவனமாக நிறுவும் ஓர் இயலைச் சேர்த்துச் சுருக்கமாக முடிக்க அனுமதி கேட்கலாம். பட்டத்தையே விடுவது அதற்கும் பிறகு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் மனம் இரண்டாவதன் பக்கம், வடிவத்தை மாற்றிச் சுருக்கமாக முடிப்பதன் பக்கம், சாய்கிறது. பல்கலைக்கழக விதிகளை எழுத்தில் வாங்கிப் படியுங்கள்: அதிகபட்சக் காலம், தலைப்பு மாற்றம், இடையில் விலகினால் கீழ்நிலைப் பட்டம் உண்டா. விலகுவதானால், முடிந்த வேலையிலிருந்து வரும் கட்டுரைகளில் உங்கள் பெயர் எங்கே வரும் என்பதை மின்னஞ்சலில் உறுதிப்படுத்தாமல் கிளம்பாதீர்கள்.

கோழைத்தனம் பற்றிக் கேட்டீர்கள். நாளைக் காலை அந்தச் சோதனை சரியாக வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மகிழ்ச்சியோடு அடுத்த இயலைத் தொடங்குவீர்கள் என்றால் உங்களுக்கு இருப்பது களைப்பு. பத்து நாள் முழுதாக விடுப்பு எடுங்கள். ‘ஐயோ, இன்னும் ஒரு வருடமா’ என்று தோன்றினால் பிரச்சினை சோதனையில் இல்லை, அந்த வாழ்க்கையே உங்களுக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது. அதில் கோழைத்தனம் ஏதுமில்லை. ஒன்று மட்டும்: சோதனை தோற்ற நாளிலோ கைடோடு சண்டை போட்ட நாளிலோ இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட், வேலையை விடுவது போன்ற முடிவுகளில் திணறியவர்களை இணையத்தில் நாணயம் சுண்டச் செய்து ஓர் ஆய்வு நடத்தினார். 2016இல் வெளியான அதன் முடிவின்படி, பெரிய விஷயங்களில் மாற்றம் செய் என்று நாணயம் சொன்னவர்கள் ஆறு மாதம் கழித்து, மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். அதற்காக நீங்கள் நாணயம் சுண்ட வேண்டாம். இத்தனை நாள் திணறிய பிறகும் தராசு சமமாகவே நிற்கிறது என்றால், மாறுவதை அவ்வளவு அஞ்ச வேண்டாம்.

அந்தத் தாளை நெறியாளரிடம் முதல் வாரத்திலேயே காட்டுங்கள். அளவுகோலைப் பற்றி அவருக்கு ஆட்சேபம் இருந்தால் அப்போதே பேசி மாற்றிக்கொள்ளலாம். பன்னிரண்டாம் வாரத்தில் முதன்முதலாகக் காட்டினால் பேச்சு சண்டையில்தான் முடியும்.