சம்ப் மாற்றிய பிறகு எஞ்சின் தட்டுகிறது, கராஜ்தான் பொறுப்பா?

கல்லடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடையது 1990ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5, பதிந்து ஓடுகிற ஸ்போர்ட்ஸ் கார். ஒழுங்கையில் கல் அடித்து ஒயில் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் தொட்டி) வெடித்திருக்கிறது. கராஜ் ஒன்றில் பழைய சாமான் சம்ப் ஒன்றைத் தேடிப் போட்டு 85,000 ரூபா பில் கொடுத்தார்கள், இவர் 40,000 கட்டினார். நாலாம் நாள் களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட ஒயில் லைட் எரிந்து எஞ்சின் தட்டத் தொடங்கியிருக்கிறது. கட்டி இழுத்து அதே கராஜுக்குக் கொண்டுபோனால், "பழைய எஞ்சின், எங்கட பிழை இல்லை" என்கிறார்கள். எஞ்சின் செய்ய 2,20,000 ரூபாவாம், மிச்சம் 45,000 கட்டும்வரை காரையும் தரமாட்டார்களாம். இது நடந்து ஆறு கிழமை.

தம்பி, வழக்கை யோசிக்க முன்னம் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அந்தச் சம்பைத் திரும்பக் கழற்ற விடாதீர்கள். "என் முன்னிலையில்தான் திறக்க வேண்டும், கழற்றிய சாமான் எதையும் கழுவக்கூடாது" என்று இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அதையே பதிவுத் தபாலிலும் போடுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் வழக்கு முழுவதும் அந்தச் சம்புக்குள்தான் கிடக்கிறது. இந்தக் காரில் சம்ப் அலுமினிய வார்ப்பு. எஞ்சினுக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தை இறக்காமல் அல்லது எஞ்சினைத் தூக்காமல் அது வெளியே வராது. அவ்வளவு கஷ்டப்பட்டு ஏற்றும்போது ஒழுகக்கூடாதென்று சிலிக்கனை அள்ளிப் பூசினால், உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து, பிய்ந்து, ஒயிலோடு போய், பம்புக்குப் போகும் ஒயிலை வடிக்கிற ஸ்ரெயினர் வலையில் ஒட்டிக்கொள்ளும். வலை அடைத்தால் பம்புக்கு ஒயில் ஏறாது, பெயாரிங் காய்ந்து தட்டும். ரப்பர் துண்டு போல அது கண்ணுக்கே தெரியும். ஆனால் பெற்றோலில் ஒருமுறை கழுவிவிட்டால் போச்சு, பிறகு கராஜ்காரர் வாய்க்கு எதிராக உங்கள் வாய்தான். அதனால் திறக்கும் நாளில் அந்தக் கராஜோடு தொடர்பில்லாத அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் பாஸையோ, காப்புறுதி வேலை செய்கிற மதிப்பீட்டாளரையோ கூட்டிப்போங்கள். வீடியோ எடுங்கள், அவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

வலை சுத்தமாக இருந்தால் உங்கள் பக்கம் பலவீனம், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, கல் அடித்த அன்று ஒயில் ஒழுக ஒழுக எவ்வளவு தூரம் ஓடினீர்கள்? லைட் எரிந்த பிறகு உடனே நிறுத்தினீர்களா? எதிர்த்தரப்பின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும், உங்கள் சட்டத்தரணியிடம் அதை மறைக்க வேண்டாம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி, வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வேன், போடுகிற சாமான் அந்த வேலைக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதம், கராஜ் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் இருக்கிறது. "பழைய வாகனம்" என்பதால் அது இல்லாமல் போகாது. பழைய எஞ்சின் என்பது நட்டஈட்டுக் கணக்கைக் குறைக்கும், அவ்வளவுதான். 35 வருட எஞ்சினுக்குப் புது எஞ்சின் பெறுமதியை எந்த நீதிமன்றமும் தராது.

காரைப் பிடித்து வைத்திருப்பது உங்களுக்கு ஆத்திரமாக இருக்கும், ஆனாலும் இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டத்தில் செய்த வேலைக்கான கூலி வரும்வரை வாகனத்தைத் தடுத்துவைக்கும் உரிமை திருத்துபவருக்கு உண்டு. அதை ஓட்டவோ, சாமான் கழற்றி விற்கவோ அவருக்கு உரிமை இல்லை. நீங்கள் கேட்காத 2,20,000 ரூபா வேலைக்காகவும் பிடித்துவைக்க முடியாது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தூக்கிவரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், பொலிசில் நிற்கப்போவது நீங்கள்தான். கார் அவசரமென்றால் 45,000ஐக் கட்டி, பற்றுச்சீட்டில் "ஆட்சேபனையுடன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

அதிகார சபைக்கான முறைப்பாட்டை, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்குப் பாதிக் காலம் போய்விட்டது, இந்தக் கிழமையே கொடுங்கள். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள், ஆனால் அந்த அழைப்பு எழுத்து முறைப்பாடு ஆகாது. விசாரணைக்குப் பிறகு நட்டஈடு கட்டும்படி கட்டளையிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அங்கே சரிவராவிட்டால், இந்த அளவு தொகைக்கு நேரே மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றம் போக முடியாது, முதலில் இரு தரப்பையும் பேசி இணக்கப் பார்க்கும் மத்தியஸ்த சபை. அங்கே எங்களைப் போன்ற சட்டத்தரணிகள் வர முடியாது, நீங்களே பேச வேண்டும், அந்த வீடியோவும் அறிக்கையும் இருந்தால் பேசலாம். இணக்கம் இல்லையென்று சான்றிதழ் தந்தால் பிறகு வழக்கு. வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம், கவனயீனத்தால் வந்த நட்டத்துக்கு இரண்டு வருடம் காலவரையறை. இரண்டு வருடத்தைக் கணக்கில் வைத்து நடந்துகொள்ளுங்கள்.