கையெழுத்துப் போட்டால் கோப்பு

கேள்வி: அரசாங்கம் பூட்டி வைத்திருக்கும் பழைய கோப்புகளை எல்லோருக்கும் திறக்க வேண்டாம் சார், ஆய்வாளர்களுக்கு மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு காட்டினால் என்ன?
– ஆய்வு மாணவி, புதுச்சேரி

பதில்: உங்கள் ஊரை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்ஸ் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. அங்கே கோப்பில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து 25, 50, 75, 100 வருஷம் என்று பூட்டு. அதற்கு முன்னால் பார்க்க வேண்டுமென்றால் 'தெரொகாசியோன்', அதாவது விதிவிலக்கு, கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். எந்தக் கோப்பு, எதற்கு என்று எழுத வேண்டும். அந்தக் கோப்பு எந்தத் துறையிலிருந்து வந்ததோ அந்தத் துறை தலையாட்டினால்தான் காப்பகம் எடுத்துக் கொடுக்கும். கிடைத்தாலும் உங்களுக்கு மட்டும்தான். யாருக்கும் பாதிப்பு வரும் விவரத்தை வெளியிட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

சரி, இதில் என்ன தப்பு என்கிறீர்களா? 1961 அக்டோபர் 17, பாரிஸ். அல்ஜீரியா அப்போது பிரான்ஸின் பிடியிலிருந்து விடுதலைக்குப் போராடிக்கொண்டிருந்தது. பாரிஸில் இருந்த அல்ஜீரியர்களுக்கு மட்டும் போட்ட ஊரடங்கை எதிர்த்து அவர்கள் ஊர்வலம் போனார்கள், போலீஸ் அடித்துக் கொன்றது, உடல்கள் சேன் ஆற்றில் மிதந்தன. செத்தது மூன்று பேர் என்றது அரசு. இதைத் தோண்டிய ழான்-லுக் எய்னோதி பேராசிரியர் இல்லை, இளைஞர் நலத் துறையில் வேலை பார்த்தவர். அவர் கேட்ட விதிவிலக்கு கிடைக்கவில்லை. பல்கலைக்கழக வரலாற்றாசிரியரான ழான்-போல் புரூனேவுக்கு போலீஸ் கோப்புகள் கிடைத்தன. எய்னோதி சுமார் 200 பேர் என்றார், புரூனே சில பத்துப் பேர் என்றார். யார் சரி என்று சரிபார்க்கக்கூட அப்போது எய்னோதியால் முடியவில்லை, ஏனென்றால் அந்தக் காகிதம் அவருக்கு மூடியிருந்தது. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். விதிவிலக்கு கொடுக்கிற அதிகாரி, தெரிந்தோ தெரியாமலோ, எந்த வரலாறு எழுதப்பட வேண்டும் என்பதையும் தேர்ந்தெடுத்து விடுகிறார்.

அப்புறம் அன்றைய போலீஸ் தலைவர் மொரிஸ் பப்போன் எய்னோதி மேல் அவதூறு வழக்குப் போட்டார். 1999இல் பிரிஜித் லெனே, ஃபிலிப் கிரான் என்று இரண்டு காப்பக அலுவலர்கள், தாங்கள் பார்த்த ஆவணங்களில் பல சாவுகள் பதிவாகியிருப்பதாகச் சாட்சி சொன்னார்கள். பப்போன் தோற்றார். சாட்சி சொன்ன இருவரையும் அலுவலகத்தில் பல வருஷம் ஓரங்கட்டி வைத்தார்கள்.

கேள்வி: அப்படியென்றால் எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்கிறீர்களா?
– அதே மாணவி

பதில்: இல்லை. போலீஸுக்குத் துப்புக் கொடுத்தவர் பெயரும் ஒருவரின் மருத்துவக் குறிப்பும் மூடியே இருக்கட்டும், அவர்கள் பேரப்பிள்ளைகள் அதே தெருவில்தான் இருப்பார்கள். ஆனால் பிரான்ஸிலேயே 'பொது விதிவிலக்கு' என்று இன்னொரு வழி இருக்கிறது. அல்ஜீரியப் போரில் காணாமல் போன மொரிஸ் ஒதேன் பற்றிய ஆவணங்களை 2019இலும், அந்தப் போர் தொடர்பான நீதி விசாரணைக் கோப்புகளை 2021 டிசம்பரிலும் இப்படித்தான் கெடுவுக்கு முன்பே எல்லோருக்கும் திறந்தார்கள். பேராசிரியருக்கும் எய்னோதி மாதிரி ஆளுக்கும் ஒரே கதவு. நிபந்தனை போடுவதென்றால் கோப்புக்குப் போடட்டும், ஆளைப் பார்த்துப் போட வேண்டாம்.