கோஸ்டா ரிக்காவில் ஊர் சுற்ற: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கே: தலைநகர் சான் ஹோசேயில் இறங்கி லா ஃபோர்ட்டூனா போக வேண்டும். மெயின் பஸ் ஸ்டாண்ட் எங்கே?

மெயின் பஸ் ஸ்டாண்ட் என்று ஒன்று அங்கே கிடையாது. திசைக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று என ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும். லா ஃபோர்ட்டூனா பஸ் ‘டெர்மினல் 7-10’இல் கிளம்பும், லிமோன் பஸ்ஸுக்கு ‘கிரான் டெர்மினல் டெல் கரீபே’. டாக்ஸிக்காரரிடம் போகிற ஊரைச் சொல்லாதீர்கள், டெர்மினல் பெயரைச் சொல்லுங்கள். அப்புறம், விமான நிலையம் இருப்பதே சான் ஹோசேயில் இல்லை, பக்கத்து ஊரான அலஹுவேலாவில்.

கே: டாக்ஸியில் ஏமாறாமல் இருக்க?

சிவப்பு வண்டி, கதவில் மஞ்சள் முக்கோணம் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் மட்டும் ஆரஞ்சு. மீட்டருக்கு அங்கே ‘மரியா’ என்று பெயர். ஏறியதும் “லா மரியா, போர் ஃபவோர்” (மீட்டர் போடுங்கள், ப்ளீஸ்) என்று கேட்டுவிடுங்கள்.

கே: அங்கிருந்து பஸ்ஸில் போர்ட்டோ ரிக்கோவும் பார்த்துவிடலாமா?

அது கோஸ்டா ரிக்காவே இல்லை, அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி, கடலுக்கு நடுவே இருக்கும் தீவு. டிக்கெட் போடுவதற்கு முன் ஒருமுறையாவது வரைபடத்தைப் பாருங்கள்.

கே: ஏழு நாள். டோர்டுகேரோ, லா ஃபோர்ட்டூனா, மோன்டேவெர்டே, மனுவேல் அன்டோனியோ நான்கும் வாடகைக் காரில். எல்லாமே நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர்தான், இரவு சாப்பிட்டுவிட்டு ஓட்டினால் பகல் மிச்சமாகும் அல்லவா?

இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது! அந்த நாட்டில் கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடாதீர்கள், மணிக்கணக்கை வைத்துப் போடுங்கள். லா ஃபோர்ட்டூனாவும் மோன்டேவெர்டேயும் வரைபடத்தில் விரல் அகலத்தில் இருக்கும், ஆனால் நடுவில் அரேனால் ஏரியும் மலையும் கிடப்பதால் சுற்றிக்கொண்டு போக மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும். டோர்டுகேரோவுக்கு ரோடே கிடையாது, லா பவோனாவில் காரை நிறுத்திவிட்டுப் படகில்தான் போக வேண்டும். வருஷம் முழுக்க மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மலைப்பாதையில் விளக்கு இருக்காது, ஒதுங்க ரோட்டோரம் இருக்காது, மழை பிடித்தால் பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஒருமுறை மோன்டேவெர்டேயிலிருந்து தாமதமாகக் கிளம்பி, ஆறேகாலுக்கு ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலத்தில் ஏறிவிட்டேன். ‘செடா எல் பாசோ’, அதாவது எதிரே வருபவருக்கு வழி விடு என்ற பலகை என் பக்கம்தான் இருந்திருக்கிறது, இலைகள் மூடியிருந்ததால் தெரியவில்லை. எதிரே லாரி. மழையில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ரிவர்ஸிலேயே வந்தேன், பக்கத்தில் என் மகள் மூச்சே விடவில்லை. அதனால் சொல்கிறேன்: ஆறு மணிக்கு மேல் ஓட்டாதீர்கள். உங்கள் பட்டியலில் இரண்டு ஊர்களை அடியுங்கள்.

கே: நாளுக்கு ஐந்து டாலருக்குக் கார் கிடைக்கிறதே?

மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு, அங்கே கட்டாயம். உங்கள் கிரெடிட் கார்டு அதை ஈடுகட்டாது, கவுன்டரில் நாளுக்குப் பதினைந்து இருபது டாலர் கூடும். எல்லாம் சேர்த்த விலையை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: ஹோட்டல் முகவரியில் ‘சர்ச்சுக்கு வடக்கே 200 மீட்டர்’ என்று இருக்கிறது. தவறா?

சரியான முகவரிதான், அங்கே அப்படித்தான் எழுதுவார்கள். நூறு மீட்டர் என்றால் ஒரு தெரு முனையிலிருந்து அடுத்த முனை வரை, டேப் வைத்து அளக்க வேண்டாம். வழிகாட்டும் வேஸ் (Waze) செயலியில் ஹோட்டல் பெயரைப் போட்டாலே போதும்.

கே: மனுவேல் அன்டோனியோ பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை போகிறோம், டிக்கெட் வாசலில் கிடைக்குமா?

செவ்வாய் விடுமுறை. டிக்கெட் ஆன்லைனில் மட்டும்தான், வாசலில் கூவி விற்பவர்களிடம் வாங்காதீர்கள்.

கே: இந்திய லைசென்ஸ் செல்லுமா?

செல்லும். நுழைவு முத்திரை உள்ள பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். நமக்கு இடது பக்கம் ஓட்டிப் பழக்கம், அங்கே வலது பக்கம். முதல் நாள் பகலில் மட்டும் ஓட்டுங்கள், ஆறு மணிக்குள் அறைக்குப் போய்விடுங்கள்.